தோல் இறுகாத கிழங்கு

பஸ்தியாம்பிள்ளை ஓர் உருளைக்கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிறார். தோல் வழன்று விரலோடு வருகிறது. மற்றப் பக்கம் திருப்பி அங்கேயும் தேய்க்கிறார், அந்தப் பக்கமாவது ஏமாற்றாது என்பதுபோல. "பால்குடி மறவாத கிழங்கு," என்று முணுமுணுக்கிறார்.

துறைமுகத்தைப் பார்த்த அவருடைய களஞ்சியத்தில் பகலிலும் இருட்டுத்தான். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சை பிடித்துக் கசக்கும். வேலை இல்லாமல் அங்கே போய் வரும் நான் கதவைத் திறந்துகொண்டு நின்றால், "ஊர்சுத்தி, உள்ள வா, இல்லாட்டிப் போ. இதென்ன கலியாண வீடோ?" என்று சீறுவார். மூட்டைகளுக்கு அடியில் காற்றுப் போகப் பலகை. யாழ்ப்பாணத்துக் கிழங்கை மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருந்து, விலை ஏறியபின் விற்பதில் அவரை வெல்ல ஆளில்லை.

செடி பழுத்துச் சாய்ந்த பிறகும் கிழங்கு சில நாள் மண்ணுக்குள் கிடந்தால்தான் தோல் இறுகும். அவருக்கு இது தெரியாததல்ல. ஆனால் வெளிநாட்டுக் கிழங்குக்கு இருந்த இறக்குமதித் தடை நீங்கப்போகிறது என்ற பேச்சுக் கிளம்பியதும் யாழ்ப்பாணத் தோட்டங்களுக்குப் போய், "கிழங்குக் கப்பல் எங்கட துறைமுகத்தில வந்து நிக்குது," என்று கதை கட்டிவிட்டவர் அவரேதான். துறைமுகத்து மனிதர் சொன்னால் நம்பாமல் இருப்பார்களா? விலை விழுமுன் விற்றுவிட வேண்டுமென்று பச்சைச் செடியோடு கிண்டி, அவர் கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். மனைவி றோஸின் சீதன வீட்டை ஈடு வைத்து வாங்கிக் குவித்தார். இப்போது மூட்டைகள் வியர்க்கின்றன. உள்ளே அழுகல் நெடி மூக்கில் அறைகிறது.

"முதலாளி, அந்தக் கப்பல் இன்னும் நிக்குதோ? இதையும் அதில ஏத்தி அனுப்புவமே," என்கிறாள், கிழங்கு தெரிவு செய்யும் றம்லா.

"வாயை மூடிக்கொண்டு அழுகலைப் பொறுக்கு."

"நல்லதைப் பொறுக்கச் சொல்லுங்க. அது கெதியா முடிஞ்சிடும்."

அந்த நேரம் பார்த்துத் தவராசா என்ற தோட்டக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து வாசலில் நிற்கிறார். இவரை நம்பிக் கிண்டிக் கொடுத்தவர்களில் ஒருவர்.

"அண்ணை, பாதித் தோட்டம் இன்னும் பச்சையா நிக்குது. அதையும் கிண்டட்டோ, விடட்டோ? நீங்கள் சொன்னாச் சரி."

றம்லாவின் கைகள் நின்றுவிடுகின்றன. "விடு" என்ற ஒரு சொல் போதும். அந்தப் பாதியாவது முற்றும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் கப்பல் பொய் என்பதையும் சொல்ல வேண்டும்.

பஸ்தியாம்பிள்ளை வெளியே வந்து கதவைச் சாத்துகிறார். தவராசாவின் தோளில் கை போட்டு, களஞ்சியத்துக்கு முதுகு காட்டும்படி மெல்லத் திருப்பி, தூரத்தில் நிற்கும் எண்ணெய்க் கப்பலைச் சுட்டிக் காட்டுகிறார்.