உரிமம் தேவையில்லாத வாக்கி டாக்கி

நானூற்று நாற்பத்தாறு மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சிறு அலைவரிசையில், குறைந்த சக்தியில் இயங்கும், ஒப்புதல் பெற்ற வாக்கி டாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இது மத்திய அரசின் விதி. அரசிதழில் வெளியானது. படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கலாம்.

எனக்கு வீடு இலஞ்சியில், தென்னந்தோப்பு குற்றால மலையடிவாரத்தில். தோப்புக்குப் போகும் தடத்தில் யானை இறங்கும். செல்போன் சிக்னல் ஓடைப்பாலத்துக்கு முன்பே செத்துவிடும். பாலத்துக்கு அப்பால், தோப்புக் குடிசையில் காவலுக்கு ஒரு கணவனும் மனைவியும். தடத்தில் உள்ள வளைவுக்குப் பின்னால் யானை நிற்பது குடிசையிலிருந்து தெரியும், காரில் வரும் எனக்குத் தெரியாது. வாக்கி டாக்கி வாங்கியது அதற்காகத்தான்.

தென்காசிக் கடைக்காரர் முதலில் எடுத்துவைத்தது காரில் பொருத்தும் பெரிய செட், கூரைக்கு நீள ஏரியலோடு. “பாபநாசம் வரைக்கும் பேசலாம் சார்” என்றார். பாபநாசத்தில் எனக்குப் பேச ஆள் இல்லை. உரிமம் எங்கே என்று கேட்டேன். “இதுக்கெல்லாம் யாரு சார் லைசென்ஸ் கேக்கா?” என்று சிரித்தார். விதிக்குள் அடங்கும் சிறிய செட் இரண்டை, ஒப்புதல் சான்றின் நகலோடு வாங்கினேன். காரின் தகரக்கூடு அலையை விழுங்குவதால், பாலத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு பொறுத்துப் பேச வேண்டும். தடம் எப்படி என்று கேட்பேன். “வாங்க அண்ணாச்சி” என்று பதில் வந்தால் போவேன். “நில்லுங்க” என்றால் நிற்பேன். மே மாதம் முழுக்க அப்படித்தான் ஓடியது.

பணியில் இருந்த காலம் முழுக்க மற்றவர்களுக்கு நடைமுறை சொல்லிக்கொடுத்தவன் நான். ஆகவே, பக்கத்து வனத்துறைச் சோதனைச் சாவடிக்குத் தகவலுக்காக ஒரு கடிதம் கொடுத்தேன். இரண்டு செட்டின் வரிசை எண்களையும், விதியின் நகலையும் இணைத்தேன். அடுத்த வாரம் ஜீப்பில் வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

“வயர்லெஸ் வச்சிருக்கேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க சார். நாங்க எடுக்காம எப்படி இருக்கது?” என்றார் அதிகாரி. இணைப்பைப் படித்தீர்களா என்று கேட்டேன். அது டெல்லி விதி, மேலிடத்திலிருந்து தங்களுக்குத் தனியாக வர வேண்டும் என்றார். எந்த மேலிடம் என்பது அவருக்கும் தெரியவில்லை. ரசீதை மட்டும் விடாமல் நின்று வாங்கினேன்.

என் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “பக்கத்துத் தோப்புக்காரன் பெரிய ஏரியலை நட்டுவச்சு ஊரெல்லாம் பேசுதான். அவனை ஒருத்தரும் கேக்கல. ஒங்களை யாரு போயி எழுதிக் குடுக்கச் சொன்னா?”

மனு கொடுத்தேன். நினைவூட்டல் அனுப்பினேன். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். ஆளரவமில்லாத தோப்பில் ஒரு பெண் உயிர்ப்பயத்தோடு இருக்கிறாள் என்று எல்லாவற்றிலும் எழுதினேன். அந்த வாக்கியத்தை ஒருவரும் படித்த அடையாளம் இல்லை.

ஜூலையில் ஒரு நாள் பொழுது சாயும் நேரம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பாலத்தில் நிறுத்திக் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை, வண்டியை விட்டேன். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், காவல்காரரின் மனைவி தென்னை வரிசைக்குள்ளிருந்து நனைந்தபடி ஓடிவந்து கையை ஆட்டினாள். கார் சத்தம் கேட்டு, யானைக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறாள். வாய்க்காலைத் தாண்டும்போது வழுக்கி, இடது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. ஒடிந்த கையோடுதான் ஓடிவந்து என்னை நிறுத்தினாள். குடிசைப் பக்கம் அவள் கணவன் தகரம் தட்டுவது கேட்டது. அவளை ஏற்றிக்கொண்டு, விளக்கை அணைத்து, காரைப் பின்னோக்கியே பாலம்வரை ஓட்டிவந்து, தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

மாவுக்கட்டுப் போடும்போது அவள் அழவில்லை. “அந்த டப்பா இருந்திருந்தா குடிசைக்குள்ள இருந்தே சொல்லிருப்பேன்லா அண்ணாச்சி” என்றாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களிடம்தான் ஜூன் மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் இருவரும் கடையநல்லூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குடிசை பூட்டிக் கிடக்கிறது. வேறு ஆள் யாரும் வரச் சம்மதிக்கவில்லை.

பிறகு என் மனுவுக்குப் பதில் வந்தது. மேற்படி கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என அறியப்படுவதால், அசல் ரசீதுடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரே வாக்கியம். கையெழுத்துக்குக் கீழே தேதி போட மறந்திருந்தார்கள். தபால்காரர் என் கையில் கொடுத்த தேதியை நானே உறையின் மேல் எழுதிவைத்தேன்: செப்டம்பர் பதினேழு.