வாழைக்காயின் வால்துண்டு

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, வீட்டுக்காரர் வேலைபார்க்கும் விசைப்படகு ராமேஸ்வரம் கரையில் கட்டிக் கிடந்தது. மீன் வாங்கக் காசில்லை. கடல் ஓய்ந்தாலும் வாய் ஓயாதே. வாழைக்காயை வஞ்சிரம் மாதிரி வட்டவட்டமாக அரிந்து, மீன் மசாலா தடவி வறுத்தேன்.

எங்கள் வீட்டில் மீனைப் பங்கு வைப்பது மாமியார்தான். நடுத்துண்டு மகனுக்கு, வால் மருமகளுக்கு. கல்யாணமாகி இருபது வருடமாக நான் வாலைத்தான் தின்கிறேன். அன்றும் வாழைக்காயின் ஒல்லி நுனிகளைப் பொறுக்கி என் தட்டில் வைத்தார்.

“வாழைக்காய்க்கு ஏது அத்தை வாலு? எல்லாம் ஒரே ருசிதான?” என்றேன்.

“ஒரே ருசின்னா உனக்கு நுனி போதும்ல?”

அவர் மகன் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு கேட்டார்.

மறுநாள் நுனிகளைத் தோலோடு சேர்த்து எறிந்துவிட்டு, மீதியை ஒரே அளவில் அரிந்தேன். ஒரு நாளாவது அவர்கள் தின்பதை நானும் தின்ன வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மாமியார் சட்டியைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். நுனியைக் காணோம். அவசரமே படாமல், அடியில் கருகிக் கிடந்த இரண்டைச் சுரண்டி எடுத்து என் தட்டில் வைத்தார்.

“நல்லா மொறுமொறுன்னு இருக்குத்தா, தின்னு.”