செருப்பு போலீஸும் கோட்டு நாளும்

அன்றைக்கு வாசல்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையிலேயே சவரம் செய்துகொண்டவர், மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடியும் கத்தியைக் கையில் எடுத்தார். அவரோடு அறையில் தங்கியிருந்த சலவைக்காரர் படுக்கையிலிருந்தே இதைப் பார்த்துவிட்டு, இனிமேல் சுரண்டினால் எலும்புதான் வரும் என்று கிண்டல் செய்தார். வேறொரு நாளாக இருந்தால் வாசல்காரர் வெளுத்து வாங்கியிருப்பார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே தாடையைத் தடவிப் பார்த்தார். அவருடைய மனைவி கப்பலுக்கு வருகிறாள். பார்த்து ஏழு மாதமாகிறது.

கப்பல் என்றால் சரக்குக் கப்பல் இல்லை. ஆயிரத்து எண்ணூறு பேர் ஒரு வாரம் தின்று, தூங்கி, நீந்தி, மறுபடியும் தின்றுவிட்டு இறங்கிப் போகிற உல்லாசக் கப்பல். அதன் நாலாவது தளத்தில் பெரிய சாப்பாட்டுக் கூடம். கூடத்தின் இரட்டைக் கதவுக்கு வெளியே பத்தொன்பது வருஷமாக நிற்கிறவர் இவர். வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வது பாதி வேலை. யார் என்ன உடுத்திக்கொண்டு வருகிறார்கள் என்று பார்ப்பது மீதிப் பாதி. பயணத்தின் மூன்றாம் நாளைக் கப்பலில் கோட்டு நாள் என்பார்கள். அன்று சாயங்காலம் ஆண்களுக்குக் கோட்டும் டையும், பெண்களுக்கு நல்ல நீள உடுப்பும், இரண்டு பேருக்கும் காலை மூடுகிற காலணியும் கட்டாயம். கோட்டு இல்லாதவர்களுக்கு இரவல் கொடுக்க அலமாரியில் பதினோரு கோட்டு தொங்கும். காலணி மட்டும் இரவல் கிடையாது. முன்பின் தெரியாதவன் போட்டுக் கழற்றியதில் யார் காலை விடுவார்கள்? அதனால் திரும்பிப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காலில் கிடந்த செருப்பால்தான் திரும்பிப் போவார்கள். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குச் செருப்பு போலீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும், உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

இந்தக் கோட்டு நாளைப் பற்றிப் பயணிகள் பேசாத பேச்சில்லை. பயணம் முடிகிறபோது எல்லாருக்கும் கருத்துச் சீட்டு கொடுப்பார்கள். கூடத்து மேலாளர் அவற்றைப் பணியாளர் கூட்டத்தில் உரக்க வாசிப்பார். வருஷம் பூராவும் ஆபீசில் கழுத்தை இறுக்குகிற டையைக் கழற்றி எறியத்தானே கடலுக்கு வந்தேன், இங்கேயும் அதையே மாட்டச் சொன்னால் எப்படி என்று ஒருவர் எழுதியிருப்பார். அடுத்த சீட்டு நேர் எதிராக இருக்கும். என் மனைவி இந்த ஒரு நாளுக்காக இரண்டு மாதம் அலைந்து உடுப்புத் தைத்தாள், பக்கத்து மேசையில் ஒரு மனிதர் முழங்காலைக் காட்டிக்கொண்டு சூப் குடிக்கிறார், இதென்ன கூடமா, நீச்சல் குளமா? ஒரு அம்மாள் எழுதியதை மேலாளர் இரண்டு தடவை வாசித்தார். கூடத்தின் ஏசியைத் திருகி வைக்கிறவர் நிச்சயம் கோட்டுப் போட்ட ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும், மெல்லிய உடுப்போடு வந்த நாங்கள் இனிப்பு வருவதற்குள் விறைத்துப் போனோம் என்று இருந்தது. எல்லார் கருத்தையும் கேட்டார்களே தவிர, வாசல்காரர் கருத்தை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், விதி நல்லதோ கெட்டதோ எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்று சொல்லியிருப்பார்.

கப்பலுக்கு வருமுன் அவர் ஒன்பது வருஷம் காலணிக் கடையில் விற்பனையாளர். பத்தடி தள்ளி நடக்கிற காலைப் பார்த்தே நம்பர் சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தில் வாசலிலும் அவர் பார்வை கீழிருந்துதான் மேலே போகும். முதலில் கால், அப்புறம் உடுப்பின் விளிம்பு, அப்புறம் கழுத்து, கடைசியில்தான் முகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் முகத்தைத்தான் பார்த்தார். ஒரு பெரியவர் கண்கலங்கி நின்றதைப் பார்த்து மனசு இளகி, போனால் போகிறதென்று செருப்போடு உள்ளே விட்டார். பின்னால் நின்ற முப்பது பேர் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. அதற்கப்புறம் எந்த முகமும் அவரை ஏமாற்றியதில்லை.

மனைவி ரொட்டிக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே வேலை. பதினைந்து வருஷம் முடித்த பணியாளர்கள் வீட்டு ஆளை ஒரு தடவை இலவசமாகக் கூட்டி வரலாம் என்று கப்பலில் ஒரு சலுகை உண்டு. அது நாலு வருஷமாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, ஒரு வருஷம் மகளுக்குப் பரீட்சை, மற்ற இரண்டு வருஷமும் ரொட்டிக் கடையில் லீவு இல்லை. இந்தத் தடவைதான் எல்லாம் கூடி வந்தது. மூன்றாம் நாள் கப்பல் நிற்கிற துறைமுகத்துக்கு பஸ்ஸில் வந்து நாலு மணிக்கு ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. அந்த நேரத்தில் அவர் மேசைகளுக்கு ஆள் பிரித்துக்கொண்டிருப்பார், அங்கே இங்கே அசைய முடியாது. அதனால் ஏழரை மணிக்கு இரண்டாம் பந்திக்கு அவள் வாசலுக்கே வந்துவிட வேண்டும். பந்தி முழுக்க உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு அவரும் அவளோடு உட்காருவார்.

உட்காருவார் என்பதைச் சும்மா நினைத்துவிடக் கூடாது. பணியாளர்களுக்குச் சாப்பாடு கீழ்த்தளத்தில். பத்தொன்பது வருஷம் அந்தக் கதவைத் திறந்து விட்டவர் ஒரு நாள்கூட உள்ளே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வீட்டு ஆள் வருகிற அன்றைக்கு, ஒரே ஒரு வேளைக்கு, அந்த அனுமதி உண்டு. மேலாளரே ஜன்னலோரம் இரண்டு பேர் மேசையாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்திருந்தார். ஆனால் வீட்டு ஆளுக்கும் உடுப்பு விதி பயணிகளுக்கு உள்ளதுதான். போனில் மூன்று தடவை அவளிடம் சொல்லிவிட்டார். காலணி வாங்கியாகிவிட்டது, வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகுகிறேன் என்று அவள் சிரித்தாள். உடுப்பு என்ன நிறம் என்று கேட்டதற்கு மட்டும் வந்து பாருங்க என்றுவிட்டாள். ஐந்து மணிக்குக் கப்பலின் உள் போனில் இரண்டு நிமிஷம் பேசினாள். ஏறிவிட்டாளாம், அறை பிரமாதமாம், ஏழரைக்கு டாணென்று வந்துவிடுவாளாம். போனை வைத்த மனிதர் சந்தோஷம் தாங்காமல் பக்கத்தில் நின்ற பரிமாறுபவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கென்று தெரியாமலே அவரும் குலுக்கிவைத்தார்.

ஏழேகாலுக்கே வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். வரிசையில் இரண்டு பேருக்கு வாக்குவாதம். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சட்டைப் பையில் கைக்குட்டையை மடித்துச் செருகியவர். இன்னொருவர் லாரி முதலாளி. அரை மணி முன்னால் அரை டிராயரோடு வந்து வாசல்காரரால் திருப்பி அனுப்பப்பட்டவர், இப்போது முழுக்கால் சட்டையும் ஷூவும் இரவல் கோட்டுமாக வந்திருந்தார். கோட்டின் கை அவர் விரலை மறைத்தது. சாப்பாடு போவது வயிற்றுக்குத்தானே, அதற்கு எதற்குக் கழுத்தில் கயிறு என்று அவர் கேட்டார். கல்யாணத்துக்கும் இப்படித்தான் அரை டிராயரில் போனீரா என்றார் தலைமை ஆசிரியர். அன்றைக்கும் இப்படித்தான் நாலு பேர் பிடித்து மாட்டிவிட்டார்கள், அதோடு சரி என்று லாரி முதலாளி சொல்ல, வரிசையே சிரித்தது.

வாசல்காரர் காதில் இதெல்லாம் எங்கே ஏறியது? அவர் கழுத்தை நீட்டி நடைபாதையின் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, வருகிற கால்களை விட்டுவிட்டு முகங்களைத் தேடினார். ஒரு முகம் போனது, இரண்டு போனது, பத்துப் போனது. அதற்குள் மேலாளர் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"அண்ணே, கண்ணு எங்க இருக்கு? டை இல்லாம ஒருத்தர் உள்ள வந்து உக்காந்துட்டார்."

அந்தப் பெரியவர் விஷயத்துக்கு அப்புறம் இப்படி ஒரு சொல் கேட்டதில்லை. வாசல்காரருக்குக் காது மடல் எரிந்தது. பார்வையைத் தரைக்கு இறக்கினார். இனி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டார். கறுப்பு ஷூ, போகலாம். வெள்ளிக் கொக்கி வைத்த பெண்கள் காலணி, போகலாம். பழுப்பு ஷூ, போகலாம். அப்புறம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வந்து நின்றது. தடித்த அடி, ஏழாம் நம்பர். வார் பதிந்த இடத்தில் கால் புசுபுசுவென்று மேலெழும்பி இருந்தது. அதற்கு மேல் ஒரு பச்சை விளிம்பு தெரிந்தது. அவர் நிமிரவில்லை.

"மன்னிக்கணும்மா. இன்னைக்குக் காலை மூடுற காலணி வேணும். மேல் தளத்துல நல்ல சாப்பாடு இருக்கு, அங்க எந்தத் தடையும் இல்ல."

அந்தச் செருப்புகள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன. அப்புறம் திரும்பின. அடுத்த ஜோடி ஷூவைப் பார்த்து, டையைப் பார்த்து, முகத்துக்கு வந்தபோது அந்த ஆளின் தோளுக்குப் பின்னால் பச்சை உடுப்பு போவது தெரிந்தது. பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றியது. அந்த மாற்றலை அவர் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கத்திக் கூப்பிட வாயைத் திறந்தார்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ரொட்டிக் கடையில் ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்குப் பதில் சொல்கிறவள், ஒரு வார்த்தை கேட்காமல் போய்விடுவாளா? நடைபாதை திரும்புகிற இடத்தில் நின்றாள், திரும்பினாள், வரிசையை விலக்கிக்கொண்டு நேரே வந்தாள். கண் சிவந்திருந்தது. பச்சை உடுப்பு அவளுக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

"ஏழு மாசம் கழிச்சு வந்திருக்கேன். மூஞ்சியைக்கூடப் பாக்கல நீங்க" என்றாள்.

"ஏழாம் நம்பர் செருப்பும்மா அது. உனக்கு அஞ்சுதானே. நீயா இருக்கும்னு தோணவே இல்ல."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. குதிகால் வலி, நின்று நின்று வீக்கம், மெத்தென்ற செருப்பு தவிர வேறு எதையும் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிறது என்றாள். வாங்கிய காலணியைப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து பாதி தூரம் வந்தாளாம். அதற்கு மேல் ஒரு அடி வைக்க முடியவில்லையாம். படியில் உட்கார்ந்து யோசித்தாளாம், வாசலில் நிற்பது நம் வீட்டுக்காரர்தானே என்று. திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாளாம்.

சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் மாறிப்போனது. கோட்டு இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகும் என்பதுபோல் பேசிய தலைமை ஆசிரியர் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். லாரி முதலாளி, அனுப்புங்க சார், யாரு என்ன கேக்கப் போறாங்க என்றார். மேலாளர்கூட வாசல்காரர் காதருகே வந்து, உள்ளே விட்டுவிடுங்கள், நான் பார்க்கவில்லை என்று முணுமுணுத்தார். கதவுக்கு அப்பால் ஜன்னலோரம் அந்த மேசை தெரிந்தது. இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள் மனைவி. "நான்தான்னு தெரிஞ்சிருந்தா உள்ள விட்டிருப்பீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் அவள் மனசு குளிரும். ஆனால் அன்றைக்கு மட்டும் செருப்புக்காக நாலு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார். அவர்களில் யாருக்குக் கால் வீங்கியிருந்தது, யாருக்கு வலி என்று அவர் கேட்டதே இல்லை. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட. பூசி மெழுக அவருக்கு மனசு வரவில்லை.

"விட்டிருக்க மாட்டேன்" என்றார். "ஆனா உன்னைத் தனியா அனுப்பியிருக்கவும் மாட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் உதட்டோரம் லேசாக நெளிந்தது.

"அப்ப வாங்க. என்னால நிக்க முடியல."

ஐயா, வரிசை பாதி நிற்கும்போது செருப்பு போலீஸ் வாசலை விட்டு நகர்ந்ததை அந்தக் கப்பல் அன்றைக்குத்தான் பார்த்தது. பெயர்ப் பட்டியலை மேலாளர் கையில் திணித்தார். வேண்டாம் சார், ஜன்னல் மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். பட்டியலோடு முழித்துக்கொண்டு நின்ற மேலாளருக்குத் தலைமை ஆசிரியர் தாமாகவே முன்வந்து யார் அடுத்தது என்று சொல்ல ஆரம்பித்தார். லாரி முதலாளி கைதட்டினார், வரிசையும் சேர்ந்து தட்டியது. வாசல்காரருக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கி, முகத்தில் அசடு வழிந்தது.

மேல் தளத்துக்குப் போகிற லிஃப்டுக்கு நீளமான நடைபாதை. அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று நடந்தாள். பச்சை உனக்கு நல்லா இருக்கு என்று இப்போதுதான் சொன்னார். அவள் சரி சரி என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவர் குனிந்து அந்தக் காலை நன்றாகப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து இப்படி வீங்கியிருக்கு?" என்று கேட்டார்.

"போன தடவை நீங்க கப்பலுக்குக் கிளம்பின அன்னைக்கே இருந்துச்சு" என்றாள். "உங்களை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன். நீங்க பாக்கல."