திரைக்குப் பின்னால் ஆறாம் எண்

இறந்துபோன எய்னோ கோர்பெலாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள். இருபத்திரண்டு வருஷம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாம் ஓபோ வாசித்தவள் நான். அதனால் என் தலையில் கட்டிவிட்டார்கள். நல்லதாக மட்டும் எழுத எனக்கு வராது.

டுலூத் துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றும் மேடையில் வேலை பார்த்த ஃபின்லாந்துக்காரரின் மகன் அவர். பள்ளிக்கூட பாண்டில் பையன்களெல்லாம் டிரம்பெட்டுக்கு முண்டியடித்தபோது, மிச்சமிருந்த ஓபோவை, நாகஸ்வரம் மாதிரிச் சீவாளி வைத்து ஊதும் அந்தக் குழலை, வாத்தியார் இவர் கையில் திணித்தார். யாரும் தொடாததை எனக்கு ஏன் கொடுக்கிறார் என்று பன்னிரண்டு வயதில் தொடங்கிய சந்தேகம் கடைசிவரை அவரை விடவில்லை. ராணுவ பாண்டில் நான்கு வருஷம் இருந்துவிட்டு எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முதல் ஓபோவாக வந்தார். கச்சேரிக்கு முன் அவர் ஊதும் ஒற்றைச் சுருதிக்குத்தான் நாங்கள் எழுபது பேரும் வாத்தியத்தைச் சேர்த்துக்கொள்வோம்.

ஓபோவுக்குக் கடைச் சீவாளி சரிப்படாது. நாணலை வாங்கிச் சீவி, நூல் சுற்றி, அவரவரே செய்துகொள்வோம். பத்து செய்தால் ஒன்று தேறும். எய்னோ தன் சீவாளிகளைத் தகர டப்பாவில் வைத்துப் பூட்டி, மூடியின் குறுக்கே ஒரு தலைமுடியையும் ஒட்டிவைப்பார்.

"ஏம்மா வெர்னா, என் டப்பாவைத் தொட்டியா?"

"நான் எதுக்குத் தொடணும்? அதுல என்ன புதையலா இருக்கு?"

"முடி நகர்ந்திருக்கே."

"உங்க தலையில இருந்ததுகூடத்தான் நகர்ந்துபோச்சு. அதுக்கும் நானா காரணம்?"

புகைபோட்ட மீனைத் தின்றுவிட்டு வந்து வேண்டுமென்றே அவர் பக்கம் மூச்சு விடுகிறேன் என்று ஆர்க்கெஸ்ட்ரா மேலாளர் ஹார்லனிடம் புகார் வேறு கொடுத்தார். மீன் தின்றது உண்மைதான். மூச்சு விடாமல் எப்படி இருப்பது?

நானும் லேசுப்பட்டவள் இல்லை. நான் தனியாக வாசிக்க வேண்டிய நாட்களில் மட்டும் அவர் சுருதியை ஒரு மயிரிழை ஏற்றிக் கொடுத்து என்னை மாட்டிவிடுகிறார் என்று நம்பினேன். சுருதி காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கிக் கைப்பைக்குள் மறைத்துவைத்துப் பார்த்தேன். முள் நேராகவே நின்றது. மீட்டர் பழுது என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒருமுறை கச்சேரி நடுவே என் சீவாளி பிளந்துவிட்டது. என் முறை வர எட்டே தாளம் இருந்தது. எய்னோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார். மட்டமானதாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊதினேன். வாழ்நாளில் நான் வாசித்த சீவாளிகளிலேயே அதுதான் உயர்ந்தது. இடைவேளையில் கையை நீட்டித் திருப்பி வாங்கிக்கொண்டார்.

எண்பத்து நாலில் புதிதாக வந்த இசை நடத்துநருக்கு எய்னோவைப் பிடிக்கவில்லை. முதல் ஓபோ நாற்காலியைப் போட்டிக்கு விடப்போவதாக அறிவித்தார். எங்கள் தொழிற்சங்கம் சண்டை போட்டு ஒரே ஒரு சலுகைதான் வாங்க முடிந்தது. போட்டிக்கு வருபவர்களோடு எய்னோவும் திரைக்குப் பின்னால் வாசிக்கலாம், எங்களில் ஏழு பேர் சீட்டெழுதி முடிவு செய்வோம். தோற்றால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. வேறெங்கும் கூப்பிட மாட்டார்கள்.

அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி. அன்று காலை என்னைத் தாண்டிப் போகும்போது, "உனக்கு இன்னிக்குக் கொண்டாட்டம்தான்," என்றார். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். என்னோடு சண்டை போட எனக்கு அந்த மனுஷன் வேண்டும். நேற்று வந்தவன் அவரை விரட்டுவதாவது.

மேடையில் திரை கட்டியிருந்தது. நடை தெரியாமலிருக்கக் கம்பளம் விரித்திருந்தார்கள். வாசிப்பவர் வாய் திறக்கக் கூடாது. ஹார்லன் எண்ணை மட்டும் சொல்வார். யாரென்று தெரியாமல் ஓட்டுப் போடுவதுதான் முறை. முறையை நான் மீறினேன், மறைக்கவில்லை. எய்னோவைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி தெரியும்.

ஓபோக்காரர்களுக்கு மூச்சு போதாமல் போவதில்லை. துளை சின்னது, காற்று உள்ளேயே தங்கித் திணறடிக்கும். எல்லாரும் வாசித்த அந்த மெதுவான பாட்டில், ஐந்தாம் அடிக்கு முன்னால் எய்னோ மூக்கால் ஒரு மூச்சை வெளியே விடுவார். வேறு யாரும் அங்கே விட மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் என் காதில் விழுந்த மூச்சு அது.

நாலாம் எண் வாசித்தபோது, ஐந்தாம் அடிக்கு முன்னால் மூச்சு கேட்டது. நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

ஆறாம் எண் வாசித்தது வேறு மாதிரி. மெல்லிய, பிரெஞ்சுக்காரர்களுடையதைப் போன்ற நாதம். பாட்டு முழுவதும் ஒரே இழுப்பு, எங்குமே மூச்சில்லை. எவனோ வெளியூர்க்காரன் எய்னோவின் வயிற்றில் அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்து, சீட்டில் நாலு என்று எழுதி மடித்தேன்.

நாலாம் எண்ணுக்கு நாலு ஓட்டு, ஆறுக்கு மூன்று. திரையை விலக்கினார் ஹார்லன். நாலாம் எண்ணாகக் கம்பளிக் காலுறையோடு வந்து நின்றாள், விஸ்கான்சினிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். பயத்தில் மூச்சு முட்டி நடுவில் விட்டுவிட்டதாக மன்னிப்புக் கேட்டாள்.

உடை மாற்றும் அறையில் எய்னோ டப்பாவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் ஆறா?"

"ஆமா. அந்த மூச்சை நிறுத்த மூணு வாரம் பழகினேன். சீவாளியைக்கூட வேற மாதிரி சீவினேன். உன் காது எனக்குத் தெரியும். நான்தான்னு கண்டுபிடிச்சா நீ என் கழுத்தை அறுத்துடுவியேன்னுதான்."

"எய்னோ, மூச்சைக் கேட்டு நாலுதான் நீங்கன்னு நினைச்சேன். உங்களுக்குன்னுதான் நாலு போட்டேன். சத்தியமா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணில் அதே பழைய பார்வை.

"இப்ப வேற என்ன சொல்லுவ?" என்றார்.

டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் உயிரோடு இருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டையில் அதையே எழுதி அனுப்பினேன். ஒன்றையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்.