மண்டபத்தைக் காலியாக்கிய சைரன்

படத்தில் கதவு சாத்தும் சத்தம் கதவிலிருந்து வருவதில்லை. எங்களைப் போன்ற ஓர் ஒலித்தொகுப்பாளரின் மேசையிலிருந்து வருகிறது. என்னோடு வேலை செய்யும் பெஹ்ரூஸ், தெஹ்ரானில் எத்தனையோ படங்களுக்கு ஒலி சேர்த்தவர். மொன்றியலுக்கு வந்தபின் அவருக்குக் கிடைத்த முதல் முழுப்படம் இது. தயாரிப்பாளர் லூசி முன்கூட்டியே சொல்லிவிட்டார்: சோதனைத் திரையிடலில் ஒலி எடுபடாவிட்டால் வேலை வேறு ஆட்களுக்குப் போகும். எங்கள் ஒலிக்கூடமோ, நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் என் வீட்டு பேஸ்மென்ட். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களே, மிச்சம் உங்களுக்கே புரியும்.

மாவும் பனியும்

கதாநாயகி பனியில் நடக்கிறாள். உண்மையான பனியைப் பதிவு செய்தால் யாரோ முறுக்குக் கடிப்பதுபோல் கேட்டது. சோளமாவைத் துணிப்பையில் கட்டிப் பிசைந்தால்தான் பனி, பனிபோல் கேட்கும். அவள் அடி வைக்கும்போதெல்லாம் பெஹ்ரூஸ் ஒரு பிசை பிசைந்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டேன்.

என் மனைவி மலர் தேநீரோடு வந்தாள். பெஹ்ரூஸ் நெஞ்சில் கைவைத்து, "வேண்டாம், உங்களுக்கு ஏன் சிரமம்" என்றார். அவள் அதைப் பொருட்படுத்தாமல் ஊற்றினாள்; அவரும் சந்தோஷமாகக் குடித்தார். பிறகு அவள் கண் பையில் விழுந்தது.

"இஞ்சருங்கோ, வாசல் முழுக்க ஸ்நோ குவிஞ்சு கிடக்கு. அதை அள்ள ஆளில்லை, என்ர மாவைப் பிசைய ரெண்டு பேரோ?"

அறையின் மௌனம்

ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. பேச்சுக்கு இடையே அதை நிரப்பாவிட்டால் படம் செவிடானதுபோல் இருக்கும். அதைப் பதிவு செய்யும்போது அசையக்கூடாது. நாங்கள் தலைகுனிந்து, கைகட்டி நின்றோம். அந்நேரம் பார்த்து மேல்வீட்டு அந்தோனி அண்ணை ஏணி கேட்க வந்தார். எங்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார், சிலுவை அடையாளம் போட்டார், பக்கத்தில் வந்து தானும் நின்றார். பதிவு முடிந்ததும் என் தோளைத் தொட்டார்.

"ஆர் தம்பி தவறினது?"

சைரன்

பனி அள்ளும் வண்டிகள் வருமுன் எங்கள் தெருக்களில் சைரன் ஊதும். அதற்குள் காரை எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெஹ்ரூஸ் என் ஜன்னலில் மைக்கை வைத்து அதைப் பிடித்து, கதாநாயகியின் தெருவில் சேர்த்திருந்தார்.

திரையிடலில் அது ஒலித்ததும் ஒருவர் எழுந்தார். பிறகு இருவர். பிறகு வரிசை வரிசையாக எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். லூசியும் கோட்டை அள்ளிக்கொண்டு ஓடினார். பெஹ்ரூஸின் முகம் வெளிறிவிட்டது. "முடிந்தது. தெஹ்ரானில்கூட என் ஒலிக்கு யாரும் இப்படி ஓடியதில்லை" என்றார்.

சற்று நேரத்தில் எல்லோரும் அசடு வழியத் திரும்பி வந்தார்கள். லூசி தோளிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே எங்கள் அருகில் உட்கார்ந்தார்.

"தெருமுனைவரை போய்க் காரைத் தேடினேன். அப்போதுதான் நினைவு வந்தது, நான் மெட்ரோவில் வந்தவள்."

நெஞ்சில் வைத்த கை

ஒலி தேறிவிட்டது. அடுத்த படத்தையும் செய்வீர்களா என்று லூசி அங்கேயே கேட்டார். பெஹ்ரூஸ் நெஞ்சில் கைவைத்தார். "நான் எம்மாத்திரம்? என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்களே." இன்னும் இரண்டு தடவை கேட்ட பிறகு சம்மதிப்பதுதான் அவர் ஊர் மரியாதை. லூசியோ கியூபெக்காரர்; சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்பவர். "சரி, மெர்சி" என்று நன்றி சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பெஹ்ரூஸ் இரண்டாம் அழைப்புக்காகப் புன்னகையோடு காத்திருந்தார். எங்கள் வீடுகளிலும் முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராது. ஆகவே எனக்கு விளங்கியது. வாசலுக்கு ஓடி லூசியை மறித்து, "அவர் சம்மதித்துவிட்டார்!" என்றேன்.

"அப்படியா? எப்போது?"

இப்போது அடுத்த படத்தின் வேலை நடக்கிறது. பெஹ்ரூஸை யார் எதற்கு அழைத்தாலும் பதில் சொல்வது நான்தான்.