மூன்று இலை, ஒரு மூச்சு

பேர்ணடெட் எனக்கு மூவாயிரம் டொலர் தரவேண்டியிருந்தது. பெரு நாட்டு மலைகளைப் பார்த்துவர நான் கொடுத்த கைமாற்று. வட்டி கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒக்லாந்தில் துப்புரவுக் கம்பனி நடத்தி மூன்று வீடு வாங்கியவன். கேட்டால் கொடுப்பேன்.

விடியும்போது மவுண்ட் ரோஸ்கில்லில் அவள் வீட்டைத் தாண்டிப் போனால் காணலாம். நைட்டிக்கு மேல் மழைக்கோட்டு. வேலியோர ஃபீஜோவா மரத்தில் மூன்று இலை பறித்து, சீட்டாட்டக்காரர் சீட்டைப் பிடிக்கிறமாதிரி விரித்து, கிழக்கே பார்த்து மெல்ல ஊதுவாள். பெருவில் கொக்கா இலையில் ஊதித்தான் மலையைக் கூப்பிடுவார்களாம். அதை இங்கே கொண்டுவர விடமாட்டார்கள்.

“பறவாயில்லை அண்ணை, இதுவும் அந்தக் கண்டத்து மரந்தானே. மலைக்கு வாசம் தெரியும்.”

பகலில் முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற வேலை. மிச்ச நேரமெல்லாம் எழுத்து. இன்னும் கண்ணால் காணாத அந்த மலைகளைப் பற்றித் தமிழில் இரண்டு புத்தகம் போட்டுவிட்டாள். எந்த மலை கோபக்காரன், எது சோளக் கள் கேட்கும் என்று சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் எழுதுவாள். படிப்பித்தது யார்? என் கம்பனியில் வேலைசெய்த பெரு நாட்டு எலேனா. ஆக, இந்த ஞானத்திலும் எனக்கொரு பங்குண்டு.

“மாதாவை வைச்சுக்கொண்டு உனக்கேன் பிள்ளை மலை?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“அங்க மாதாவையே மலை மாதிரிக் கீறி வைச்சிருக்கினம் அண்ணை. நான் மன்னாராள். ஏறி நிண்டு பாக்க ஒரு மேடு கிடையாது எங்களுக்கு.”

வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், மலையானாலும் மனிசரானாலும். அந்த மலைச் சனத்தின் முதல் சட்டம் அதுவாம்.

“எங்கட கைமாத்துத்தானே!” என்றேன்.

“ஓம். ஆனா மலை உங்களைப்போலத் தம்பட்டம் அடிக்காது.”

பெருவுக்கு விமான ரிக்கெட் எடுத்தாயிற்று. மலையேற வாங்கின புதுச் சப்பாத்து கடிக்கக்கூடாதென்று அதையே போட்டுக்கொண்டு வேலைக்கும் பூசைக்கும் போனாள். அப்போதுதான் டொக்டர் சொன்னார், அந்த உயரத்தை அவள் இதயம் தாங்காதென்று. ஒருநாளும் தாங்காதாம். ரிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிவிட்டாள்.

போன சனிக்கிழமை எப்சத்தில் என் வீட்டுக்கு வந்தாள். காலில் அதே மலைச் சப்பாத்து. தேத்தண்ணியைத் தொடவில்லை.

“காசு இருக்கட்டும் பிள்ளை. பிறகு பாப்பம்.”

“வேண்டாம் அண்ணை. கையில இருந்தா, போகலாம் போகலாம் எண்டே இருப்பன்.”

கையை நீட்டினேன். நூறு டொலர்த் தாள் மூன்றை எடுத்து விசிறிபோல விரித்தாள். கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். காட்டினேன்; அங்கே என் பெரிய டீவிதான் தொங்கியது. அதைப் பார்த்து மெல்ல ஊதி, தாள்களை என் உள்ளங்கையில் வைத்தாள்.

பிறகு அடுத்த மூன்றை விரித்தாள்.