விபூதி போட்டுத் தேய்த்த சிடி

காலையில் அம்மா வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்த்த வாசனையில், தம்பானூரில் இப்போது லாட்ஜாகிவிட்ட அந்த மாடிக்கடைக்குள் நினைவில் மறுபடி போய் நின்றேன். இறந்துபோன அப்பா பாடிய ஒரே சிடியை, வெளியூர்ச் சொந்தங்களும் இணையத்தில் கேட்கட்டுமென்று ஃபைலாக மாற்ற அங்கே கொடுத்திருந்தோம். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சிடி சீறுவதும் தேங்குவதும் மறுபடி சீறுவதுமாக இருக்க, திரையில் பச்சைக்கோடு பாதியில் நின்றுவிட்டது. அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"எந்தா சேச்சி, இதுல எதைப் போட்டுத் தேச்சீங்க? முழுக்கக் கீறலாக்கும்," என்றார் கடைக்காரர்.

"மங்கலா இருக்கேன்னு, வெள்ளிப் பாத்திரம் மாதிரி, விபூதி போட்டு..." என்று இழுத்தாள் அம்மா.

ஃபைல் கிடைத்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் அப்பாவின் குரல் திக்கித் திக்கி நிற்கும். இன்றும் சொந்தக்காரர் யார் வீட்டில் அந்தப் பாட்டு ஓடினாலும், குரல் திக்கும் அந்த இடத்துக்கு ஒரு வரி முன்னதாகவே அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள்.